தட்டில் செத்த கிருமி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மாணவர்களுக்கு அவள் ‘வட்டம் அக்கா’. ஆறு வருடமாக அவள் பார்த்துவந்த வேலை அப்படி. கண்ணாடித் தட்டில் கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் பஞ்சுக் குச்சியால் கிருமியைப் பூசுவாள். நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு காகித வில்லையை வைத்து, செடிகொடிகளிலிருந்து வடித்தெடுத்த வாசனை எண்ணெயைச் சொட்டுக்கும் குறைவாக அதில் இறக்குவாள். உடம்புச் சூட்டில் ஒரு நாள் பெட்டிக்குள் கிடந்தால், கிருமி பாலாடைபோலத் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். எண்ணெய்க்கு வீரியம் இருந்தால் மட்டும் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்து கிடக்கும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவாள்.

எழுதுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. யூகலிப்டஸ், எலுமிச்சைப் புல், புதினா, சீரகம் என்று இருநூறு எண்ணெய்க்கு மேல் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கிருமிகள் சாமானியப்பட்டவை அல்ல. எந்த மருந்துக்கும் மசியாதவை என்று அங்கே கைவிட்டவற்றைத்தான் எண் போட்டு இங்கே அனுப்புவார்கள். அவை எண்ணெய்க்குப் பயந்துவிடுமா என்ன? தட்டைத் திறந்து பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், நோட்டில் சுன்னம் போடுவதுமாகவே வருடங்கள் ஓடின.

“என்ன பாப்பா, உன் கிருமியெல்லாம் சௌக்கியமா? சாப்பிட்டுதுங்களா?” என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்பான் அண்ணன். அவளுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் அவனுக்கு அவள் பாப்பாதான். அவன் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் இண்டு இடுக்கெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனைப் பார்த்து அண்ணியும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரே மகள், பதினைந்து வயது. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான்.

“சாப்பிடுதுங்க, தூங்குதுங்க, குட்டி போடுதுங்க. உங்களை மாதிரி சோம்பேறியா இல்லை” என்பாள் அவள்.

அந்த வருடம்தான் அது நடந்தது. கிராம்பு எண்ணெயையும் பட்டை எண்ணெயையும் ஒரு கணக்காகக் கலந்து வைத்த தட்டை எடுத்துப் பார்த்தவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. தட்டில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வட்டம் தெளிந்து கிடந்தது. முப்பத்தொரு மில்லிமீட்டர். தப்பாகப் பூசிவிட்டோமோ என்று மறுபடி செய்தாள். அதே வட்டம். பதினொரு ஆஸ்பத்திரிக் கிருமிகளை வைத்துச் செய்தாள். ஒன்பது செத்தன. பேராசிரியர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அவளுடைய தோளைத் தட்டியது அன்றைக்குத்தான்.

பேராசிரியருக்கு வாய் நிற்காது. இரண்டு வாரத்தில் ஒரு பத்திரிகை நிருபர் வந்து உட்கார்ந்துவிட்டார். “எப்போ சார் மருந்தா வரும்?” என்று கேட்டார்.

“ரொம்ப சீக்கிரம்” என்றார் பேராசிரியர்.

அவள் குறுக்கே புகுந்தாள். “இது தட்டுலதாங்க சாகுது. உடம்புக்குள்ள என்ன ஆகும்னு நாங்க இன்னும் பார்க்கவே இல்லை. அதையும் எழுதிக்கங்க.”

நிருபர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. ‘மருந்துக்கு அடங்காத கிருமிக்கு எமன் கிராம்பு எண்ணெய்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். அவள் சொன்ன வாக்கியத்தை மட்டும் காணவில்லை.

பத்திரிகைக்குப் போன் செய்து, விட்டுப்போனதைப் போடச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். ஆனால் காய்கறிக் கடையில் அவளைப் பார்த்து எழுந்து நின்றார்கள். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணி அந்தப் படத்தைக் கத்தரித்து, தையல் மெஷினுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டிவைத்து, துணி எடுக்க வந்த அத்தனை பேரிடமும் “எங்க நாத்தனார்” என்று காட்டினாள். ஆறு வருடம் சுன்னம் போட்டவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவே இல்லை.

பத்திரிகையில் படம் வந்து ஒரு மாதம் இருக்கும். பழைய கட்டடம் ஒன்றில் லிப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் காலுக்குக் கீழே பலகை விட்டுக்கொடுத்தது. ஒன்றரை மாடி உயரத்திலிருந்து விழுந்தான். தலை தப்பியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே இரும்புத் தகடு வைத்து மூடினார்கள். “எனக்குள்ள ஒரு லிப்ட் ஸ்பேர் பார்ட் இருக்கு, இனி என்னைத் தொட்டுப் பேசணும்னா லைசென்ஸ் வேணும்” என்று நர்ஸை எல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடத்தில் தோல் பளபளவென்று வீங்கி, மறுநாள் சீழ் கட்டியது. திறந்து கழுவினார்கள். மூன்று நாளில் மறுபடி சீழ். சோதனைக்கு அனுப்பிய முடிவு வந்ததும் டாக்டர் அண்ணியையும் அவளையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுகூட இருக்காது அவருக்கு. தூக்கம் கெட்ட முகம்.

“பதினாலு மருந்து வச்சுப் பார்த்தோம். பதிமூணுக்கு இந்தக் கிருமி அசையலை. மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. ரொம்பப் பழைய மருந்து. கிட்னியை அடிக்கும். ஆனா வேற வழி இல்லை.”

அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கிருமியின் பெயர் தெரிந்த பெயர். அவள் தினமும் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பூசுகிற அதே ஜாதி.

டாக்டர் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், அண்ணி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, இது நீ கொன்ன கிருமிதானே?”

“அதே வகைதான் அண்ணி. ஆனா…”

“அப்புறம் என்ன ஆனா? அந்த எண்ணெயைக் கொண்டு வா.”

“அது தட்டுல செய்யறது அண்ணி. மனுஷனுக்குக் கொடுக்கறது இல்லை.”

“தட்டுல சாகற கிருமி கால்ல சாகாதா? பேப்பர்ல எமன்னு போட்டிருந்தானே!”

வராந்தாவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி ஒன்று அவர்களை இடித்துக்கொண்டு போயிற்று. உட்காரவைத்து முதலிலிருந்து சொல்ல வேண்டிய விஷயம் அது. கிருமியைக் கொல்கிற எண்ணெய் மனிதனின் ஈரலையும் கொல்லுமா, எவ்வளவு கொடுத்தால் கொல்லும் என்பதெல்லாம் எனக்கே தெரியாது, நான் அதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்ற அந்தச் சொல் அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. தன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக் கொண்டாடுகிறவளிடம் அதைச் சொல்ல அவளுக்குக் கூசியது. சுலபமாக ஒன்று வாயில் வந்தது. அதைச் சொன்னாள்.

“அனுமதி இல்லாம வெளியே ஒரு சொட்டு எடுக்கக் கூடாது அண்ணி. எடுத்தா என் வேலை போயிடும்.”

அண்ணியின் பிடி தளர்ந்தது. அவளை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள்.

“வேலையா?” என்றாள். “சரி. வேலையைப் பார்த்துக்க.”

அன்று சாயந்திரம் அண்ணனோடு தனியாக இருந்தபோது, அவனே பேச்சை எடுத்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

“உங்க அண்ணி என்னமோ எண்ணெய் எண்ணெய்னு உயிரை எடுக்கறா. நிஜமாவே வேலை செய்யுமா அது?”

“இவர் போடற ஊசியை முதல்ல பார்ப்போம் அண்ணா. நல்ல டாக்டர்.”

“சரி விடு. உங்க சார் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டட்டும், அப்புறம் நான் குடிக்கறேன்.” சிரிக்கப் பார்த்து இருமினான். அவளும் சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஊசி ஆரம்பித்தது. மூன்று நாளில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருப்பதாக மகள் போனில் சொன்னாள். அதே வாரம் ஆய்வுக்கூடத்துக்குத் தணிக்கைக் குழு வந்திருந்தது. நோட்டுகளை எடுத்து வை, பாட்டில்களை எண்ணு, குளிர்பெட்டியைத் துடை என்று பேராசிரியர் அவளை நகரவிடவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போக முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பாதி வேலையில் கிளம்பிப் போனாள்.

வார்டு கதவைத் தள்ளினதும் டெட்டால் நெடி. அதற்குப் பிறகு வேக வைத்த சோறு, வியர்வை, மூத்திரம். அண்ணன் கட்டிலை நெருங்கும்போது அவளுடைய கால் தானாக நின்றது. அங்கே இன்னொரு வாசனை; அவளுடைய கோட்டில், தலைமுடியில், கைப்பையில் ஆறு வருடமாக ஒட்டிக்கிடக்கிற வாசனை. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தன்மேல் இருந்து வருகிறதா என்று முதலில் சந்தேகப்பட்டாள். குனிந்து அண்ணனின் முகத்தருகே போனாள். அவன் மூச்சில் கிராம்பு மணத்தது.

“அண்ணா.”

அவன் கண்ணைத் திறந்தான். வெள்ளை விழி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்.

அண்ணி கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணியின் கையைப் பிடித்து எழுப்பி, மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

“என்ன கொடுத்தீங்க?”

“எது?”

“அண்ணி, என் மூக்கு பொய் சொல்லாது. என்ன கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க?”

அண்ணியின் முகத்தில் பயத்தையே காணோம். பெருமைதான் இருந்தது. “காலையில ஒரு ஸ்பூன், சாயந்திரம் ஒரு ஸ்பூன். தேன்ல குழைச்சுக் கொடுத்தேன். பல்வலிக்கு விக்கிற கிராம்பு எண்ணெய்தான், மருந்துக் கடையில சாதாரணமா கிடைக்குது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே. யார்கிட்டயும் உன் பேரைச் சொல்லலை. காய்ச்சல் இறங்கிடுச்சு, பார்த்தியா? மூணே நாள்!”

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். காகித வில்லையில் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு வைக்கிற எண்ணெய். ஆறு ஸ்பூன்.

“காய்ச்சலை இறக்கினது ஊசி, அண்ணி” என்றாள்.

“ஊசி பத்து நாளா போடறாங்க. அதெல்லாம் இறக்கிச்சா?”

“இந்த ஊசி வேற. கண்ணைப் பார்த்தீங்களா? மஞ்சளா இருக்கு பாருங்க. ஈரல் போகுது.” அண்ணியின் தோளைப் பிடித்தாள். “அது விஷம் அண்ணி, அவ்வளவு குடிச்சா.”

அண்ணிக்கு அது உடனே புரியவில்லை. டம்ளர் துடைத்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு மிக மெதுவாக, “விஷம்னு நீ சொல்லலையே” என்றாள். “வேலை போயிடும்னுதானே சொன்னே.”

அவள் கீழே ஓடினாள். டாக்டர் மூன்றாவது வார்டில் இருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“காலையில ரத்தத்துல ஈரல் கணக்கு எகிறியிருந்தது. ஊசியாலதான்னு நினைச்சு ஊசியை நிறுத்தச் சொல்ல இருந்தேன்.” நடந்துகொண்டே பேசினார். “யாரு சொன்னா இவங்களுக்கு இதைக் கொடுக்கச் சொல்லி?”

“பேப்பர்ல வந்தது. அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்” என்றாள் அவள்.

அவர் ஒரு நொடி நின்று அவளைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். விஷ முறிவு மருந்து என்று ஒன்றைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரத்தம் உறைய மறுத்தது. ஊசி குத்தின இடத்திலெல்லாம் கறுப்பாகக் கன்றியது. மறுநாள் சாயந்திரம் ஐந்து நிமிடம் மட்டும் அவளை உள்ளே விட்டார்கள். அப்போது அவனுக்கு நினைவு தெளிந்திருந்தது.

“நாக்கு மரத்துப்போச்சு பாப்பா. இன்னும் ருசி தெரியலை” என்றான். குரல் குழறியது. “என்னா காரம்! தொண்டை எரிஞ்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

“ஏன் குடிச்சே அண்ணா? எதுக்கு என்கிட்ட கேட்காம குடிச்சே?”

“அவ பத்து நாளா தூங்கலை. ஸ்பூனை நீட்டிக்கிட்டு நிக்கறா, கை நடுங்குது. எப்படி வேணாங்கறது?” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். போய்விட்டானோ என்று அவள் பயப்படும்போது மறுபடி பேசினான். “திட்டாதே அவளை. ஏற்கெனவே பயந்தாங்கொள்ளி.”

அதற்குப் பிறகு அவன் புரிகிற மாதிரி ஒன்றும் பேசவில்லை. எந்தக் கட்டடத்தையோ நினைத்துக்கொண்டு, “நாலாவது மாடியில கதவைச் சாத்து, சாத்துன்னு சொல்றேன்ல” என்று கத்தினான். அப்புறம் கத்துவதும் நின்றது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு இறந்துபோனான். காலில் இருந்த புண் ஆறத் தொடங்கியிருந்ததாக, கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் சொன்னாள்.

டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முன்னால் ஒரு படிவம் இருந்தது.

“கிருமித் தொற்றுன்னு எழுதலாம். பொய் இல்லை, அது இருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டாங்க. எண்ணெய்னு எழுதினா போலீஸுக்குப் போகும். உடம்பை அறுத்துப் பார்ப்பாங்க. உங்க அண்ணியை விசாரிப்பாங்க.” பேனாவை மூடித் திறந்தார். “நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ஆனா அந்தம்மாவை ரெண்டு வாரமா பார்க்கறேன். அதனாலதான் எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றேன்.”

அவள் அண்ணியிடம் போனாள். வராந்தாவின் கோடியில் பெஞ்சில் அண்ணியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அம்மாவின் மடியில் முகம் புதைத்திருந்தாள். மகளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, அவள் டாக்டர் சொன்ன எதையும் மறைக்காமல் சொன்னாள். இப்போதாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி இருந்தது அவளுக்கு.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எழுதலைன்னா?”

“யாருக்கும் தெரியாது.”

“எழுதினா யாருக்கு என்ன பிரயோஜனம்? எழுந்து வந்துடுவாரா?”

“மாட்டார். ஆனா அந்தப் பேப்பரை நீங்க ஒருத்தர் மட்டும் படிக்கலை அண்ணி. எண்ணெயைக் குடிச்சு ஒரு ஆள் செத்தார்னு எங்கேயாவது எழுதியிருந்தாத்தான், அடுத்தவங்க குடிக்கிறதுக்கு முன்னாடி யாராவது தடுக்க முடியும்.”

“எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?”

“தெரியாது.”

இந்தத் தடவை அந்தச் சொல் எளிதாக வந்தது. அண்ணி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “எழுதச் சொல்லு. ஆனா என் பொண்ணுகிட்ட என்னால சொல்ல முடியாது. போலீஸ்காரன் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம். நீயே சொல்லிடு.”

தண்ணீர் பாட்டிலோடு வந்த மகளை அவள் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். வெயில் கொளுத்தியது. சிமென்ட் பெஞ்சு சுட்டது. அப்பாவுக்கு ஈரல் ஏன் போயிற்று என்பதைச் சொன்னாள். மகள் அழவில்லை. அத்தனையும் கேட்டுவிட்டு, வழக்குப் பேசுகிற வக்கீல் மாதிரி ஒன்றைக் கேட்டாள்.

“அம்மா உங்ககிட்ட முதல்ல கேட்டாங்கதானே அத்தை?”

“கேட்டாங்க.”

“அது விஷம், கொடுக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்களா?”

இங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் சிறுமிக்கு அத்தையாவது மிஞ்சியிருப்பாள். சொல்லத் தோன்றியதும் உண்மைதான். ஆனால் அந்தப் பொய்யின் பாரம் முழுக்க அண்ணியின் தலையில் அல்லவா இறங்கும்?

“சொல்லலை” என்றாள். “கொடுத்தா என் வேலை போயிடும்னு சொன்னேன்.”

மகள் எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள். அம்மா இருந்த பக்கம் நடந்து போனாள். அன்றைக்குப் போனவள்தான், பிறகு அத்தையிடம் பேசவே இல்லை.

போலீஸ் விசாரணை இரண்டு வாரம் நடந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். விசாரித்த அதிகாரி, சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தைக் கிழியாமல் உரித்து, ஆதாரம் என்று எடுத்துப்போனார்.

பேராசிரியரிடம் மறுப்பு எழுதச் சொல்லிப் போய் நின்றாள் அவள். அவர் உண்மையாகவே கலங்கிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும், “குடிக்கச் சொல்லி நாம எங்கேயும் சொல்லலையே. அவசரப்பட்டு எழுதினா ஆறு வருஷ உழைப்பே தப்புன்னு ஆயிடும். கொஞ்ச நாள் போகட்டுமே” என்றார்.

“நானும் கொஞ்ச நாள் போகட்டும்னுதான் சார் இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, அவளே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மூன்று மேஜைக்கு அலைந்தாள். அடுத்த வாரம் பதினோராம் பக்கத்தில், தொலைந்துபோன நாய்க்குட்டி விளம்பரத்துக்குக் கீழே ஐந்து வரி வந்தது. அதைப் பார்த்து எத்தனை பேர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார்களோ.

பிறகு அவள் செய்ய வேண்டியிருந்த வேலையைச் செய்தாள். வட்டம் தெளிந்த அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டியது. மனித ஈரல் செல்களைக் குடுவையில் வளர்த்து, அதே எண்ணெய்க் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தாள். நான்கு மாதம் ஆயிற்று. மறுபடி மறுபடி செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கணக்குத்தான். ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அதைப் போட வேண்டும் என்று நின்றாள். பேராசிரியர் அதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தவள். அண்ணி மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் பாதி ஆகியிருந்தாள். உட்காரச் சொன்னாள்.

“பார்த்து முடிச்சுட்டேன் அண்ணி. கிருமி சாகறதுக்கு வேண்டிய அளவுல எட்டுல ஒரு பங்கு போதும், ஈரல் செத்துடுது.”

“அப்படின்னா?”

“கிருமி சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே மனுஷன் செத்துடுவான். யாரு கொடுத்திருந்தாலும், எப்படிக் கொடுத்திருந்தாலும், குடிக்கக் கொடுத்தா அது பிரயோஜனப்பட்டிருக்காது. டாக்டரே கொடுத்திருந்தாலும்.”

அண்ணி சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?”

“அன்னிக்கு எனக்கே தெரியாது அண்ணி. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருந்தது.”

அண்ணி அழுவாள், இல்லாவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. அண்ணி ஊசியில் அறுந்திருந்த நூலை நாக்கில் ஈரப்படுத்தி, கண்ணைச் சுருக்கிக் கோத்தாள். மூன்றாவது தடவைதான் நூல் ஏறியது.

“நான் நீட்டினப்ப, அவர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வாயைத் திறந்தார்” என்றாள். “ஆறு தடவையும். தினம் அது கண்ணுல வருது.” பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். “அவ வர்ற நேரமாச்சு. நீ கிளம்பு பாப்பா. தெருமுனையில உன்னைப் பார்த்தாலே அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டேங்கறா.”

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மகள் புத்தகப் பையோடு எதிரே ஏறி வந்தாள். வளர்ந்திருந்தாள். அப்பாவின் நெற்றி. இறங்கிக்கொண்டிருந்த அவள் நின்றாள், ஏதாவது பேசலாமா என்று. மகள் பையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு வழி விடுவதுபோல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவள் கடந்து இறங்கினாள்.